அமெரிக்கக் கால்பந்தில் விதிகளை மாற்றுவது பாதுகாப்பா, வருமானமா?

கேட்டவர்: அலைவாய்க்கரை, தங்கச்சிமடம்

வணக்கம். தங்கச்சிமடத்தில் மாலை வேளைகளில் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கால்பந்துப் பயிற்சி அளித்து வருகிறேன். நாங்கள் ஆடுவது உலகமெங்கும் ஆடப்படும் கால்பந்துதான். ஆனாலும் என் மாணவர்கள் சிலர் கைப்பேசியில் அமெரிக்கக் கால்பந்தின் தொழில்முறை லீக்கான என்.எஃப்.எல். ஆட்டங்களைப் பார்க்கத் தொடங்கினார்கள். அந்தப் பழக்கம் எனக்கும் தொற்றிக்கொண்டது. அங்கே ஞாயிறு இரவு நடக்கும் ஆட்டம் இங்கே திங்கள் விடியற்காலையில் வருவதால், முக்கால்வாசியாவது பார்த்துவிட்டு வேலைக்குப் புறப்பட முடிகிறது.

என் ஐயம் இதுதான். 2024 ஆம் ஆண்டில் கிக்ஆஃப் எனப்படும் தொடக்க உதையின் விதியை அடியோடு மாற்றினார்கள். முன்பெல்லாம் உதைப்பவருடன் மற்ற பத்துப் பேரும் முழு வேகத்தில் ஓடிவந்து எதிரணியினர்மீது மோதுவார்கள். இப்போது உதைப்பவர் மட்டும் தன் பக்கத்து 35 யார்டு கோட்டில் நிற்க, மற்ற பத்துப் பேரும் எதிரணியின் 40 யார்டு கோட்டில் வரிசையாக நிற்கிறார்கள்; அவர்களுக்கு ஐந்து யார்டு தள்ளித் தடுப்பவர்கள் நிற்கிறார்கள்; பந்து தரையையோ அதைப் பிடிக்கக் காத்திருப்பவரையோ தொடும்வரை இவர்களில் ஒருவரும் இடத்தைவிட்டு நகரக் கூடாது. வீரர்கள் காயப்படுவதைக் குறைப்பதற்காகவே இந்த ஏற்பாடு என்று லீக் கூறுகிறது.

நல்லது. ஆனால் இதே லீக்தான் பருவத்துக்கு 16 ஆட்டங்கள் என்று இருந்ததை 2021 இல் 17 ஆக்கியது. ஞாயிற்றுக்கிழமை மோதி விழுந்து எழுந்த அணியை வியாழக்கிழமையே மீண்டும் களத்தில் இறக்குவதும் இதே லீக்தான். வீரரின் உடல்மீது அத்தனை அக்கறை உள்ள நிர்வாகம் இவற்றை எப்படிச் செய்கிறது? விதி மாற்றங்களைப் பணம்தான் தீர்மானிக்கிறதா, அல்லது நான் வீணாகச் சந்தேகப்படுகிறேனா? மாணவன் ஒருவன் இதை என்னிடம் கேட்டான். எனக்கு விடை சொல்லத் தெரியவில்லை. விவரம் அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

மறுமொழி: கணக்குப்பிள்ளை, மண்டபம்

தம்பி, விதி என்ன சொல்கிறது என்று பார்ப்பதற்கு முன்னால், அந்த விதிக்குக் கை தூக்குகிறவர் யார் என்று பார்க்க வேண்டும். என்.எஃப்.எல். லீக்கில் 32 அணிகள் உள்ளன. பயிற்சியாளர்களும் அணி மேலாளர்களும் உரிமையாளர் தரப்பினரும் அடங்கிய போட்டிக் குழு ஒன்று, ஒவ்வொரு பருவம் முடிந்ததும் யோசனைகளை ஆராய்ந்து பரிந்துரை செய்கிறது. ஆனால் முடிவெடுப்பது அணிகளின் வாக்கு. அணிக்கு ஒரு வாக்கு. நான்கில் மூன்று பங்கு, அதாவது 24 வாக்குகள் கிடைத்தால்தான் ஆட்ட விதி மாறும். பொதுமக்கள் பங்கு வைத்திருக்கும் கிரீன் பே அணியைத் தவிர, மற்றவை பெரும்பாலும் தனி மனிதர்களின் அல்லது குடும்பங்களின் உடைமைகள். வீரர்களின் சங்கத்திடம் கருத்துக் கேட்பார்கள். வாக்கு மட்டும் கிடையாது.

நான் மண்டபத்தில் விசைப்படகுகளுக்குக் கணக்கு எழுதுகிறவன் என்பதால் எனக்கு இது புதிதாகத் தோன்றவில்லை. கடலுக்குப் போவதா, வேலைநிறுத்தமா என்று கூடிப் பேசி முடிவெடுப்பது படகு உரிமையாளர்களின் சங்கங்கள். டீசல், ஐஸ் செலவைக் கழித்த பிறகு மிஞ்சுவதில் பங்கு வாங்கிக்கொண்டு உயிரைப் பணயம் வைப்பவர் படகில் ஏறும் தொழிலாளி. இந்தத் தொழிலாளிக்கும் அமெரிக்க வீரருக்கும் ஊதியத்தில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வேறுபாடு என்பது உண்மை. ஆனால் முடிவெடுக்கும் இடத்தில் யார் அமர்ந்திருக்கிறார் என்று கேட்டால் இரண்டும் ஒன்றுதான்.

தாங்கள் குறிப்பிட்ட 17 ஆவது ஆட்டம் விதிப்புத்தகத்தில் வருவது அன்று. அது ஊதிய ஒப்பந்தத்தில் வருவது. அங்கே வீரர்களுக்கு வாக்கு உண்டு. 2020 மார்ச் மாதத்தில் வீரர்கள் வாக்களித்தபோது ஆதரவு 1,019, எதிர்ப்பு 959. வேறுபாடு வெறும் 60 வாக்குகள். வருமானத்தில் வீரர்களின் பங்கு சுமார் 47 விழுக்காட்டிலிருந்து 48 விழுக்காட்டுக்கு உயர்வதும், குறைந்தபட்ச ஊதியம் கூடுவதும் அந்த ஒப்பந்தத்தில் இருந்தன. கூடுதல் ஆட்டத்தை எதிர்த்தவர்களில் பெயர் பெற்ற நட்சத்திரங்கள் பலர் இருந்தார்கள். இரண்டு மூன்று ஆண்டுகளில் ஆட்டவாழ்க்கை முடிந்துவிடக்கூடிய சாதாரண வீரருக்குக் குறைந்தபட்ச ஊதிய உயர்வு பெரிய விஷயம் என்பதால், அவர் ஆதரித்ததில் வியப்பில்லை.

2021 மார்ச் மாதத்தில் தொலைக்காட்சி நிறுவனங்களோடும் அமேசானோடும் லீக் செய்துகொண்ட ஒப்பந்தங்கள் 11 ஆண்டுகளுக்கு 10,000 கோடி டாலருக்கும் மேல் மதிப்புள்ளவை. 17 ஆவது ஆட்டத்துக்கு உரிமையாளர்கள் ஒப்புதல் தந்ததும் அதே மாதத்தில்தான். அந்தக் கூடுதல் ஆட்டம் புதிய ஒளிபரப்பு ஒப்பந்தத்தோடு பிணைக்கப்பட்டிருந்தது. இதற்கு மேல் அதில் மர்மம் எதுவும் இல்லை.

மறுமொழி: திரும்பி வந்தவன், கீழக்கரை

அண்ணன் சொன்னது சரி. ஆனால் பணம் விதியைத் தொடுவது தொலைக்காட்சிக் காலத்தில்தான் தொடங்கியது என்று யாரும் எண்ணிவிடக் கூடாது. நான் நியூ ஜெர்சியில் பல ஆண்டுகள் மென்பொருள் வேலை பார்த்துவிட்டு ஊருக்குத் திரும்பியவன். அங்கே அலுவலகத்தில் திங்கட்கிழமை காலையில் வேறு பேச்சே இருக்காது என்பதால், விருப்பம் இல்லாதவரும் இந்த ஆட்டத்தின் வரலாற்றைக் கற்றுக்கொண்டுவிடுவார்.

1932 வரை தொழில்முறை அணிகள் பெரும்பாலும் கல்லூரி ஆட்டத்தின் விதிகளையே பின்பற்றின. அந்த ஆண்டு பட்டத்தைத் தீர்மானிக்கும் ஆட்டம், கடுங்குளிரும் பனியும் காரணமாகச் சிகாகோவில் ஓர் உள்ளரங்கில், 80 யார்டு நீளமே உள்ள தரையில் நடந்தது. நெருக்கடிக்காக அன்று செய்த ஏற்பாடுகள் சில பார்வையாளர்களுக்குப் பிடித்துப்போயின. அடுத்த ஆண்டே, ஜார்ஜ் ஹாலாஸ், ஜார்ஜ் பிரஸ்டன் மார்ஷல் ஆகிய இரண்டு உரிமையாளர்களின் முனைப்பில், பந்தை முன்னோக்கி எறிவதற்கு இருந்த கட்டுப்பாட்டைத் தளர்த்தினார்கள். கோல் கம்பங்களை முன்னால் கொண்டுவந்து நட்டார்கள். அணிகளை இரண்டு பிரிவாக்கி இறுதிப் போட்டி ஒன்றையும் ஏற்படுத்தினார்கள். பொருளாதாரப் பெருமந்தம் நாட்டையே முடக்கியிருந்த காலம் அது. அணிகள் ஒவ்வொன்றாக மூடிக்கொண்டிருந்தன. 0-0 என்று முடியும் ஆட்டத்துக்குச் சீட்டு வாங்க யாரும் வரமாட்டார்கள் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

1974 இல் உலகக் கால்பந்து லீக் என்ற போட்டி அமைப்பு முளைத்தது. அதே ஆண்டில் என்.எஃப்.எல். தன் கோல் கம்பங்களை ஆடுகளத்தின் பின்கோட்டுக்குத் தள்ளியது, கிக்ஆஃப் உதையை 40 யார்டு கோட்டிலிருந்து 35க்கு மாற்றியது, பருவ ஆட்டங்களிலும் சமநிலையைத் தீர்க்கக் கூடுதல் நேரத்தைக் கொண்டுவந்தது. பந்தைக் கம்பங்களுக்கு இடையே உதைத்து உதைத்தே மூன்று மூன்று புள்ளிகளாகச் சேர்க்கும் சலிப்பான ஆட்டத்தைக் குறைக்க வேண்டும் என்ற எண்ணம் முன்பே இருந்ததுதான். சந்தையில் இன்னொரு கடை திறந்தபோது அந்த எண்ணத்துக்கு அவசரம் வந்தது.

எல்லாவற்றிலும் பெரியது 1978. அதற்கு முந்தைய பருவத்தில் அணி ஒன்று ஓர் ஆட்டத்தில் எடுத்த சராசரிப் புள்ளி சுமார் 17. 1942க்குப் பிறகு அவ்வளவு குறைந்ததில்லை. உடனே இரண்டு மாற்றங்கள் வந்தன. பந்தைப் பிடிக்க ஓடுபவரை முதல் ஐந்து யார்டுக்கு அப்பால் தடுப்பாட்டக்காரர் கைவைத்துத் தடுக்கக் கூடாது என்பது ஒன்று. பந்தை எறியும் ஆட்டக்காரரான குவாட்டர்பேக்கைக் காக்கும் முன்வரிசையினர் கைகளை நீட்டி, உள்ளங்கையை விரித்துத் தடுக்கலாம் என்பது மற்றொன்று. முதலாவதை இன்றும் மெல் பிளவுண்ட் விதி என்றே அழைக்கிறார்கள். பிட்ஸ்பர்க் அணியின் அந்தத் தடுப்பாட்டக்காரர், எதிரே ஓடிவருபவரைப் பாதி வழியிலேயே முடக்கிவிடும் ஆற்றல் உள்ளவர். ஒருவருடைய திறமையையே விதி போட்டுக் கட்ட வேண்டியிருந்தது என்பதை அவருக்குக் கிடைத்த பட்டமாகத்தான் நான் கருதுகிறேன். அதே 1978 இல்தான் 14 ஆட்டங்கள் 16 ஆயின. மூன்று தொலைக்காட்சி நிறுவனங்களோடு செய்த புதிய ஒப்பந்தமும் அந்த ஆண்டில்தான் நடைமுறைக்கு வந்தது. அந்த இரு விதிகளிலும் பாதுகாப்பு என்ற பேச்சே இல்லை. எறியும் பந்து வானில் பறந்தால் பார்ப்பவர் அலைவரிசையை மாற்றமாட்டார் என்பதே கணக்கு.

தம்பி கேட்ட கிக்ஆஃப் விஷயத்துக்கு வருகிறேன். விதி மாறுவதற்கு முந்தைய ஆண்டுகளில் ஒரு டச் டவுனுக்குப் பிறகு, அதாவது பந்தை எதிரணியின் எல்லைக்கோட்டுக்கு அப்பால் சேர்த்துப் புள்ளி எடுத்த பிறகு, என்ன நடக்கும் என்று நினைவுபடுத்திப் பாருங்கள். புள்ளி எடுத்தவுடன் விளம்பரம் வரும். திரும்பி வந்தால் பந்தை ஓங்கி உதைப்பார்கள், அது எல்லைக்கோட்டைத் தாண்டி விழும், யாரும் தொடமாட்டார்கள், நடுவர் கையசைப்பார், மறுபடியும் விளம்பரம். களத்தின் ஓரத்தில் தொலைக்காட்சி தரப்பின் ஆள் ஒருவர் நின்று சைகை காட்டும்வரை நடுவர் ஆட்டத்தைத் தொடங்கமாட்டார். மைதானத்தில் குளிரில் உட்கார்ந்திருந்தால்தான் அந்தக் காத்திருப்பு எவ்வளவு நீளமானது என்று புரியும். மூன்று மணி நேரத்துக்கும் மேல் நீளும் ஓர் ஆட்டத்தில் பந்து உண்மையில் இயங்கும் நேரம் சுமார் 11 நிமிடம்தான். 2024 பிப்ரவரியில் நடந்த இறுதிப் போட்டியான சூப்பர் பௌலில் கிக்ஆஃப் உதை ஒன்றைக்கூட யாரும் பிடித்துத் திருப்பி ஓடவில்லை.

வீரரின் தலையைக் காப்பது மட்டுமே நோக்கமாக இருந்தால் அந்த நிலையை அப்படியே விட்டிருக்கலாம், அல்லது உதையையே ஒழித்திருக்கலாம். ஓடுவதே இல்லை என்றால் மோதலும் இல்லை. அவர்கள் அப்படிச் செய்யவில்லை. மோதலின் வேகத்தைக் குறைத்து, ஓட்டத்தை மீட்டெடுத்தார்கள். 29க்கு 3 என்று வாக்கு விழுந்தது. ஐந்தில் ஒரு பங்கு அளவில் இருந்த திருப்பி ஓடல் அந்தப் பருவத்தில் மூன்றில் ஒரு பங்கானது. அதுவும் போதவில்லை என்று, பந்தை எல்லைக்கோட்டுக்கு அப்பால் உதைத்துவிடும் அணிக்கு 2025 இல் தண்டனையைக் கூட்டி, எதிரணி 35 யார்டு கோட்டிலிருந்து தொடங்கலாம் என்றார்கள். அதன்பின் பெரும்பாலான உதைகள் திருப்பி ஓடப்படுகின்றன. எனவே இது பாதுகாப்பும் காட்சியும் ஒரே திசையில் நின்ற மாற்றம். அப்படி நிற்கும்போது 24 வாக்குகளைத் திரட்டுவது எளிது. அவை எதிரெதிராக நிற்கும் இடங்களில் என்ன நடக்கிறது என்பதைத்தான் தம்பியின் மாணவன் கவனிக்க வேண்டும். வியாழக்கிழமை ஆட்டம் அப்படிப்பட்ட இடம்.

மறுமொழி: வடக்குவாடை, தொண்டி

மேலே எழுதியவர்களின் விவரங்களோடு எனக்கு முரண்பாடு இல்லை. அவற்றிலிருந்து வரும் முடிவோடுதான் முரண்பாடு. உரிமையாளர்கள் ஒரே மனமுள்ள ஒரு கூட்டம் என்பதுபோல் பேசுகிறோம். அவர்கள் அப்படி இல்லை.

குவாட்டர்பேக்கின் முதுகில் கைவைத்துப் பின்னாலிருந்து தள்ளி ஒரு யார்டு எடுக்கும் உத்தியைத் தடைசெய்ய வேண்டும் என்று 2025 இல் கிரீன் பே அணி முன்மொழிந்தது. அந்த உத்தியில் கைதேர்ந்தது பிலடெல்பியா. வாக்கு 22க்கு 10. இரண்டு வாக்குகள் குறைந்ததால் தீர்மானம் விழுந்தது. இதில் எந்த விளம்பரதாரரின் லாபம் இருக்கிறது? தங்களால் செய்ய முடியாததை எதிரி செய்கிறான் என்ற எரிச்சலே பாதிக் காரணம் என்பது என் எண்ணம். அதற்கு முன்பு, 2019 ஜனவரியில் நியூ ஆர்லியன்ஸ் அணிக்கு எதிராக அப்பட்டமான ஒரு தவற்றை நடுவர்கள் கண்டுகொள்ளாமல் விட்டதால் எழுந்த கூச்சலில், பந்தைப் பிடிக்க விடாமல் தடுப்பதையும் காணொளி மறுபார்வைக்கு உட்படுத்தினார்கள். ஒரே பருவத்தில் அது குழப்பமாகிக் கைவிடப்பட்டது. வருமானத்தைக் கணக்கிட்டுச் செய்த செயலாக எனக்கு அது தெரியவில்லை, பதற்றத்தில் செய்ததாகத்தான் தெரிகிறது.

பாதுகாப்பு விதிகளைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். தலையில் அடிபடுவதால் மூளைக்கு நேரும் நீண்டகாலப் பாதிப்பை ஆராய என்று லீக் 1994 இல் ஒரு குழு அமைத்தது. அந்தக் குழு பல ஆண்டுகள் அந்தப் பாதிப்பைக் குறைத்தே பேசியது. 2009 இல் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ், லீக்கின் ஆணையரை அழைத்து விசாரித்தது. ஓய்வு பெற்ற வீரர்கள் ஆயிரக்கணக்கில் வழக்குத் தொடுத்தார்கள். 2013 இல் 76.5 கோடி டாலருக்கு முதல் சமரசம் எட்டப்பட்டது. அந்தத் தொகை போதுமா என்று நீதிபதி ஐயம் எழுப்பியதால், உச்சவரம்பு இல்லாத சமரசமாக 2015 இல் ஒப்புதல் பெற்றது. பந்தைப் பிடிக்க எம்பிய நிலையில் தற்காத்துக்கொள்ள முடியாதவரைத் தாக்கினால் அபராதம், தலைக்கவசத்தைத் தாழ்த்தி மோதினால் தண்டனை என்று விதிகள் இறுகியது இந்தக் காலத்தில்தான். ஆகவே, மக்களவையும் நீதிமன்றமும் வெளியிலிருந்து அழுத்தியதால்தான் உள்ளே வாக்கு மாறியது. வருமான ஆசை மட்டுமே விதியை எழுதுகிறது என்று மாணவனிடம் சொன்னால், அந்த வீரர்கள் போராடிப் பெற்றது மறைந்துவிடும்.

கேட்டவர்: அலைவாய்க்கரை, தங்கச்சிமடம்

மூவருக்கும் நன்றி. வழக்குகளின் செய்தி எனக்குப் புதிது. கீழக்கரைக் காக்கா வியாழக்கிழமை ஆட்டத்தைத் தொட்டுவிட்டு நிறுத்திக்கொண்டார்கள். அதை விரித்துச் சொன்னால் நன்றாயிருக்கும். இன்னொன்றும் கேட்க வேண்டும். எங்கள் பிள்ளைகள் மணலில் ஆடுகிறவர்கள். விழுந்தால் சிராய்ப்போடு போய்விடும். அங்கே பல மைதானங்களில் செயற்கைத் தரை விரித்திருக்கிறார்களே, அதற்கு விதி எதுவும் இல்லையா?

மறுமொழி: திரும்பி வந்தவன், கீழக்கரை

தொண்டி நண்பர் சொன்னதை ஏற்கிறேன். ஆனால் வழக்கில் கட்டும் தொகையும் உரிமையாளரின் செலவுக் கணக்கில்தான் ஏறுகிறது என்பதையும் அவர் பார்க்க வேண்டும். இழப்பீடு கட்டுவதைவிட விதியை மாற்றுவது மலிவு என்ற நிலை வந்த பிறகுதான் வாக்குகள் திரும்பின. அந்த நிலையை உண்டாக்கியவர்கள் ஓய்வு பெற்ற வீரர்கள் என்பதில் ஐயமில்லை.

வியாழன் இரவு ஆட்டங்கள் 2022 முதல் அமேசான் வசம் உள்ளன. பருவத்தின் பிற்பகுதியில் சுவையற்ற ஆட்டம் அந்த இரவில் விழுந்துவிட்டால், முன்னறிவிப்போடு வேறோர் ஆட்டத்தை ஞாயிற்றுக்கிழமையிலிருந்து அங்கே மாற்றலாம் என்ற தீர்மானம் 2023 மார்ச்சில் போதிய ஆதரவு பெறவில்லை. மே மாதத்தில் முன்னறிவிப்பை 28 நாளாக்கி மீண்டும் கொண்டுவந்து 24க்கு 8 என்று நிறைவேற்றினார்கள். ஒரு வாக்கு குறைந்திருந்தாலும் விழுந்திருக்கும். எதிர்த்தவர்களில் நியூ யார்க் ஜயண்ட்ஸ் உரிமையாளர் ஜான் மாராவும் ஒருவர். விமானச் சீட்டும் விடுதியும் பதிவுசெய்துவிட்ட ரசிகருக்கு இது இழைக்கும் அநியாயம் என்பது அவருடைய வாதம். உரிமையாளர்கள் ஒரே மனத்தினர் இல்லை என்பதற்கு இதைத்தான் நான் எடுத்துக்காட்டுவேன். வீரர்களுக்கு நான்கு நாளில் உடல் தேறாது என்ற பேச்சு வெளியே நிறைய நடந்தது; மன்றத்தில் அதற்கு வாக்கு இல்லை.

தரையைப் பற்றிக் கேட்டீர்கள். லீக்கின் 30 மைதானங்களில் ஏறத்தாழ பாதியில் செயற்கைத் தரைதான். எல்லா இடத்திலும் இயற்கைப் புல் வேண்டும் என்று வீரர்களின் சங்கம் பல ஆண்டுகளாகக் கேட்கிறது; 2023 செப்டம்பரில் புகழ்பெற்ற குவாட்டர்பேக் ஏரன் ராட்ஜர்ஸ் நியூ ஜெர்சி மைதானத்தில் தன் புதிய அணிக்காக ஆடிய முதல் சில நிமிடங்களிலேயே குதிகால் தசைநாண் அறுந்து விழுந்தபோது அந்தக் கோரிக்கை மீண்டும் வலுத்தது. காயங்களின் எண்ணிக்கையில் இரண்டு தரைக்கும் பெரிய வேறுபாடு இல்லை என்பது லீக்கின் பதில். சங்கம் அந்தக் கணக்கை ஏற்கவில்லை. மூடிய கூரையுள்ள அரங்கில் புல் வளர்ப்பது கடினம், செலவும் அதிகம். ஆண்டில் பத்துச் சொச்ச ஆட்டங்களே நடக்கும் அந்த அரங்கை மற்ற நாட்களில் இசை நிகழ்ச்சிகளுக்கு வாடகைக்கு விட வேண்டுமானால் செயற்கைத் தரையே வசதி. ஆனால் 2026 உலகக் கோப்பைக் கால்பந்துக்கு இயற்கைப் புல்தான் வேண்டும் என்று ஃபிஃபா நிபந்தனை விதித்ததும், அதே அரங்குகளில் புல்லைக் கொண்டுவந்து விரிக்க ஏற்பாடு செய்தார்கள். வெளியிலிருந்து வந்து ஒரு மாதம் ஆடப்போகிறவர்களுக்கு முடிந்தது, அங்கேயே பருவம் முழுவதும் ஆடுகிறவர்களுக்கு ஏன் முடியவில்லை என்று வீரர்கள் கேட்டார்கள்.

மறுமொழி: கணக்குப்பிள்ளை, மண்டபம்

தம்பியின் மாணவன் அடுத்து 18 ஆவது ஆட்டத்தைப் பற்றிக் கேட்பான். ஆணையர் ராஜர் குடெல் அதை விரும்புவதாகப் பொதுவெளியிலேயே கூறியிருக்கிறார். பயிற்சி ஆட்டங்களில் ஒன்றைக் குறைத்துவிட்டுப் பருவ ஆட்டத்தில் ஒன்றைக் கூட்டுவது அவருடைய யோசனை. பயிற்சி ஆட்டத்துக்குத் தொலைக்காட்சியில் மதிப்பில்லை என்பது எல்லாருக்கும் தெரிந்ததே. ஆனால் இதை 24 வாக்குகளால் மட்டும் செய்துவிட முடியாது. இப்போதுள்ள ஊதிய ஒப்பந்தம் 2030 பருவம் வரை நடப்பில் இருக்கிறது. அதற்குள் ஆட்டத்தைக் கூட்ட வேண்டுமானால் வீரர்களின் சங்கம் இசைய வேண்டும். சங்கம் அதற்கு ஈடாக என்ன கேட்கிறது, கூடுதல் ஓய்வு வாரமா, வருமானத்தில் கூடுதல் பங்கா, புல்தரையா என்று பார்த்துக்கொண்டிருங்கள்.